எண்பத்தைந்து டிகிரி கேரட்

நவம்பர் 3

அன்புள்ள அத்தை,

எங்கள் வீட்டு எண்ணைப் பார்த்தாலே நீங்கள் போனை எடுப்பதில்லை. கடிதத்தை யாரும் பாதியில் துண்டிக்க முடியாது என்பதால் கடிதம் எழுதுகிறேன். கிழித்துப் போடலாம்தான். ஆனால் நீங்கள் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூடப் படிக்காமல் கிழிக்க மாட்டீர்கள் என்று அப்பா ஒரு முறை சொல்லியிருக்கிறார்.

விஷயம், ஆண்டுக் கடைசி விருந்து. போன வருடம் நடந்ததை நான் வரிசையாக யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஒரே ஓவன். அதில் அம்மாவின் முழுக்கோழி வெந்துகொண்டிருந்தது. நீங்கள் அவ்வளவு தூரம் பஸ்ஸில் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் கேரட்டும் உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் ஆறிப் போயிருந்தன. "பத்தே நிமிஷம்" என்று சொல்லிக் கோழியை வெளியே எடுத்துவிட்டு உங்கள் தட்டுகளை உள்ளே வைத்தீர்கள். பேச்சு சுவாரசியத்தில் அது அரை மணி ஆகிவிட்டது. மேஜையில் வெட்டியபோது கோழி எலும்போரம் சிவப்பாக இருந்தது. மாமா, "கோழி இன்னும் மூச்சு விடுது, டாக்டரைக் கூப்பிடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவைத் தவிர. "என் ஓவனை யார் திறக்கணும்னு நான் சொல்றேன் அண்ணி" என்று சொல்லி, உங்கள் தட்டுகளைத் தூக்கி ஜன்னல் விளிம்பில் வைத்தார். நீங்கள் சாப்பிடாமல் கிளம்பிவிட்டீர்கள்.

ஆக, சண்டைக்குக் காரணம் ஓவன். ஓவனே இல்லாமல் சைட் டிஷ் எல்லாம் செய்துவிட்டால் சண்டைக்கு இடமே இல்லை!

அதற்கு ஒரு முறை இருக்கிறது. பெயர் சூ வீட். காய்களை வெண்ணெய், உப்புடன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, பையோடு வெந்நீரில் அமிழ்த்தி வைப்பார்கள். தண்ணீர் கொதிக்காது. ஒரே சூட்டில் அசையாமல் நிற்கும். அதற்கான மெஷின் என்னிடமே இருக்கிறது. மாமா தன் கடையில் விற்காமல் கிடந்ததை என் பிறந்தநாளுக்குக் கொடுத்தார். ஒரு கரண்டிப் பிடி நீளத்துக்குக் குச்சி மாதிரி இருக்கும். பாத்திர விளிம்பில் மாட்டினால் அது தண்ணீரைச் சுடவைத்துச் சுழற்றிக்கொண்டே இருக்கும்.

நீங்கள் வெறும் கையோடு வந்தால் போதும். எல்லாவற்றையும் நானே செய்கிறேன்.

உங்கள்
அகராதி


நவம்பர் 10

அகராதிக்கு,

உனக்கு இந்தப் பெயரை வைத்தது நான்தான், தப்பே இல்லை என்று இன்று தெரிந்துகொண்டேன். பெரியவர்கள் சண்டையில் மூக்கை நுழைப்பதற்கும் ஒரு புத்தகம் படித்திருப்பாய்.

சூ என்றால் எங்கள் தெருவில் நாயை விரட்டும் சத்தம். பெயரிலேயே என்னை விரட்டுகிறாயா?

சண்டை ஓவனுக்காக என்று யார் சொன்னது? போகட்டும். விடுமுறை நாளில் எனக்கு டியூட்டி. காலை வண்டி எடுக்கிறேன் என்று டிப்போவில் நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். பாவம், குடும்பம் குட்டி உள்ள டிரைவர்கள் வீட்டில் இருக்கட்டும்.

பாடத்தைப் படி. கேரட்டைத் துணி துவைப்பது போல் ஊற வைக்காதே.

அத்தை


நவம்பர் 16

அன்புள்ள அத்தை,

பதில் எழுதியதற்கு நன்றி. திட்டு என்றாலும் அது முழுப் பக்கத் திட்டு.

நேற்று முதல் சோதனை செய்தேன். தோல்வி. மெஷினோடு வந்த சிறு புத்தகத்தில் அறுபது டிகிரி என்று இருந்தது. பள்ளி விட்டு வந்ததும் கேரட்டை அறுபதில் போட்டேன். முதலில் பை மிதந்தது. அதை அமுக்க வேண்டும் என்று இரண்டு ஸ்பூன்களைப் பைக்குள் போட்டு மூடினேன். அம்மா இரவுச் சாப்பாட்டுக்குச் சூப் ஊற்றும்போது, "ஸ்பூன் எங்கடி?" என்றார். நான் பாத்திரத்தைக் காட்டினேன். அம்மா பாத்திரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வெந்துச்சுன்னா ஸ்பூனை எனக்கு வை, கேரட்டை நீ தின்னு" என்றார்.

வேகவே இல்லை. அவ்வளவு நேரம் வெந்நீரில் கிடந்தும் கேரட் 'கடக்' என்றது. அப்பா மெல்லும் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்டது. அவர் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இன்று நூலகத்தில் வேறு புத்தகம் தேடினேன். என் தவறு புரிந்தது. அறுபது என்பது இறைச்சிக்கு. காய்களின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பசை எண்பதைத் தாண்டினால்தான் இளகும். எண்பத்தைந்து சரியான சூடு. அதைவிட நல்ல செய்தி, கேரட், உருளை, பீட்ரூட் மூன்றும் ஒரே சூட்டில், ஒரே பாத்திரத்தில், தனித்தனிப் பையில் வேகும். ஒன்றின் வாசனை இன்னொன்றில் ஏறாது. மனிதர்களுக்கும் இப்படிப் பைகள் இருந்தால் விருந்துகள் எவ்வளவு அமைதியாக நடக்கும்!

உங்கள் கேரட்டில் என்னென்ன போடுவீர்கள்? எலுமிச்சை தெரியும். இன்னொன்று என்ன? தேன் இல்லை, போட்டுப் பார்த்துவிட்டேன்.

உங்கள்
அகராதி


நவம்பர் 22

அகராதிக்கு,

சொல்ல மாட்டேன்.

ஏன் தெரியுமா? என் கேரட்டை நான் இல்லாமலே நீங்கள் செய்துகொண்டால், அப்புறம் அந்த வீட்டுக்கு நான் எதற்கு? உன் அம்மா கோழி வைப்பாள், உன் மாமா ஜோக் அடிப்பான், நீ சைட் டிஷ் செய்வாய். நான் விருந்தாளி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து கை கழுவ வேண்டுமா?

பெரிய கண்டுபிடிப்புக்காரி, இதையும் எழுதி வைத்துக்கொள். உன் அம்மா கத்தியதில் எனக்குக் கோபம் இல்லை. அவள் கோழியைக் கெடுத்தது நான். கத்தட்டும். நானாக இருந்தால் கரண்டியாலேயே போட்டிருப்பேன். ஆனால் அன்று நான் யூனிஃபார்ம் கோட்டை எடுத்து மாட்டினேன். அதில் எத்தனை பொத்தான் என்று உனக்குத் தெரியும், சின்ன வயதில் எண்ணிப் பழகியவள் நீ. ஒவ்வொன்றாக, மெதுவாகப் போட்டேன். மேலிருந்து கீழே. யாராவது ஒருத்தர் 'இரு' என்று சொல்வார்களா என்று. உன் அப்பன், நான் தூக்கி வளர்த்த என் தம்பி, அந்தக் கல்லுளிமங்கன், பேப்பரைத் திருப்பி அடுத்த பக்கம் படித்தான்.

கடைசிப் பொத்தானைப் போட்டேன். போய்விட்டேன்.

இதற்கு உன் மெஷினில் எத்தனை டிகிரி வைப்பாய்?

அத்தை


நவம்பர் 29

அன்புள்ள அத்தை,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் பையிலேயே வைத்திருந்தேன். நான் கணக்கைத் தப்பாகப் போட்டிருக்கிறேன். உங்களை வெறும் கையோடு வரச் சொன்னது என் முட்டாள்தனம். மன்னித்துவிடுங்கள்.

ஆனால் நான் திட்டத்தை விடப் போவதில்லை. அதைத் திருப்பிப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். அதில் மெஷின் இருக்கிறது. தடித்த பைகளும் இருக்கின்றன. நான் செய்யப் போவதில்லை. நீங்கள்தான் செய்கிறீர்கள்.

வேலை இதுதான். காயை ஒரே அளவாக நறுக்குங்கள். பையில் போட்டு, வாயைத் திறந்தபடியே மெல்லத் தண்ணீருக்குள் இறக்குங்கள். தண்ணீரே காற்றைப் பிதுக்கி வெளியே தள்ளிவிடும். வாய் முழுகுவதற்குள் மூடிவிடுங்கள். எண்பத்தைந்தில் வெந்ததும் பையோடு ஐஸ் தண்ணீரில் போட்டுச் சில்லென்று ஆக்கி, உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். இதில் மட்டும் சோம்பல் கூடாது, வெதுவெதுப்பாக வெளியே விட்டால் கெட்டுப்போகும். பிறகு ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டு வரலாம். எங்கள் வீட்டில் வெந்நீரில் போட்டுச் சூடாக்கினால் போதும். வழியில் ஆறிப்போகுமே என்ற கவலையே இல்லை, ஏனென்றால் அது ஆறித்தான் வருகிறது!

இப்போது என்னிடம் மெஷின் இல்லை. இந்த வருடம் சைட் டிஷ் எதுவும் செய்ய வேண்டாம் என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "அப்ப யாரு செய்வா?" என்றார். "அத்தை" என்றேன். அம்மா கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "வர்றேன்னு சொன்னாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

நீங்கள் வராவிட்டால் எங்கள் மேஜையில் கோழி மட்டும்தான் இருக்கும், பக்கத்தில் ஒரு காலி இடத்தோடு.

அப்பாவின் விஷயத்துக்கு எத்தனை டிகிரி என்று எனக்குத் தெரியவில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லை.

உங்கள்
அகராதி


டிசம்பர் 8

அகராதிக்கு,

உன் பார்சல் வந்தது. திருப்பி அனுப்ப நினைத்தேன். தபால்காரர், "என்னம்மா, தலைமுடி சுருட்டுற மெஷினா?" என்றார். என் முடிக்கா என்று கேட்டு அனுப்பிவிட்டேன்.

சும்மா கிடக்கிறதே என்று ஒரு நாள் மாட்டிப் பார்த்தேன். பெரிய பாத்திரம் இல்லாததால் கீழ்வீட்டு அம்மாளிடம் வாங்கினேன். நீ அனுப்பிய தடித்த பைகளை முதலிலேயே வீணாக்க வேண்டாம் என்று கடையில் மெல்லிய பை வாங்கிப் போட்டேன். சிக்கனம்! வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். பையின் ஓரம் விட்டு, வெண்ணெய் எல்லாம் தண்ணீரில் மிதந்தது. கீழ்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "சூப்பா?" என்றாள். "ஆமா" என்றேன். மானம் போகலாமா?

மறுநாள் உன் பையிலேயே போட்டேன். பை மிதந்தது. ஸ்பூனுக்குப் பதிலாக டிப்போ பூட்டை ஒரு துணியில் சுற்றி மேலே வைத்தேன். முழுகியது. வெளியே எடுத்து ஒரு துண்டு வாயில் போட்டேன்.

அடியே, அது கேரட்டாகவே இருந்தது. நான் இத்தனை வருடம் தண்ணீரில் வேகவைத்துக் கொட்டியது எல்லாம் கேரட்டின் பாதி உயிர் என்று தோன்றியது.

டிப்போவுக்குக் கொண்டு போனேன். மெக்கானிக் தட்டை வழித்துவிட்டு, "அக்கா, இதுல என்ன போட்டீங்க?" என்று கேட்டான். அவனுக்கும் சொல்லவில்லை.

ஒன்று தெரிந்துகொள். செய்து பார்த்தேன் என்றால் வருகிறேன் என்று அர்த்தம் இல்லை. உன் அம்மாவிடம் மெஷின் என்னிடம் இருப்பதைச் சொல்லாதே. கெட்டுப்போனால் எனக்கு நானே சிரித்துக்கொள்கிறேன்.

பீட்ரூட் மட்டும் நடுவில் கெட்டியாக நிற்கிறது. ஏன்?

அத்தை


டிசம்பர் 15

அன்புள்ள அத்தை,

பீட்ரூட்டை இன்னும் மெல்லிசாக நறுக்குங்கள், கேரட்டுக்கு முன்னாலேயே தண்ணீரில் போடுங்கள். அது பிடிவாதக்காரக் காய். (யாரையும் குறித்துச் சொல்லவில்லை.) பாத்திரத்துக்கு மூடி போடுங்கள், தண்ணீர் வற்றாது. கேரட் பையில் ஊறி நிற்கும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். கடைசியில் வாணலியில் ஊற்றிச் சுண்டவிட்டுக் கேரட்டைப் புரட்டினால் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும். அதற்கு அடுப்பின் ஒரு மூலை போதும்.

நான் அம்மாவிடம் சொல்லவில்லை. மெஷின் எங்கே என்று ஒரு முறை கேட்டார். கொடுத்துவிட்டேன் என்றேன். அது பொய் இல்லை. "நல்லதாப் போச்சு, என் ஸ்பூன் தப்பிச்சுது" என்றார்.

ஆனால் ஒரு கெட்ட அறிகுறி. அம்மா இந்த வருடம் முழுக்கோழி சொல்லவில்லை. கறிக்கடைக்காரரிடம், "துண்டாவே போட்டுக் குடுங்க" என்று சொல்லியிருக்கிறார். ஏன் என்று கேட்டால், "ஏன், துண்டுக்கோழி வயித்துக்குள்ள போகாதா?" என்கிறார். முழுக்கோழி இல்லாத விருந்தை நான் பார்த்ததே இல்லை. நீங்கள் வரமாட்டீர்கள் என்று முடிவு செய்து விருந்தைச் சின்னதாக்குகிறாரோ என்று பயமாக இருக்கிறது. சென்ற வாரம் ஓவனை வேறு உள்ளே புகுந்து தேய்த்துக் கழுவினார். அதை மூடிப் போட்டுவிடப் போகிறார் போல.

யார் என்ன முடிவு செய்தாலும் நான் மேஜையில் உங்களுக்கு ஒரு தட்டு வைப்பேன். நாற்காலி ஒன்று குறைகிறது. பக்கத்து வீட்டில் கேட்டு வைத்திருக்கிறேன்.

உங்கள்
அகராதி


டிசம்பர் 23

அகராதிக்கு,

பீட்ரூட் வெந்துவிட்டது. வழிக்கு வந்தது என்று சொல்லலாம்.

காலை வண்டியை மெக்கானிக்கின் தம்பி எடுத்துக்கொள்கிறான். அவனும் டிரைவர்தான். அவனாகக் கேட்டான், நான் கெஞ்சவில்லை.

மூன்று பை கொண்டு வருவேன். வாசல் வரைதான். உன் கையில் ஐஸ் பெட்டியைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். உன் மேஜையில் காலி இடம் இருக்கக் கூடாது என்பதற்காக மட்டும். கோட்டைக்கூடக் கழற்றப் போவதில்லை. இதை உன் அம்மாவிடம் சொல்லலாம்.

எந்த ஓவனுக்கும் நான் கை நீட்ட மாட்டேன். இதைச் சொல்ல வேண்டாம். அவள் கண்ணாலேயே பார்க்கட்டும்.

அத்தை


ஜனவரி 1

அன்புள்ள அத்தை,

நான் ஒரே ஒரு முறை வீட்டை விட்டு வெளியே போனேன். பக்கத்து வீட்டு நாற்காலியை எடுத்து வர. அதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள். நான் நாற்காலியோடு கதவை முதுகால் தள்ளித் திறந்தபோது உங்கள் கோட் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் அம்மாவின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வாணலியில் கேரட்டைப் புரட்டிக்கொண்டிருந்தீர்கள். அம்மா பக்கத்து அடுப்பில் கோழித் துண்டுகளைத் திருப்பிக்கொண்டிருந்தார். இருவர் தோளும் இடித்துக்கொண்டிருந்தது. ஓவன் முன்னால் அப்பா கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். அப்பா! கையுறை!

வருடக்கணக்காக நடக்காத ஒன்று நடந்திருக்கிறது, நான் ஒரு நாற்காலிக்காக அதைத் தவறவிட்டிருக்கிறேன். அம்மாவிடம் கேட்டால், "என்ன நடந்துச்சு? சமையல் நடந்துச்சு" என்கிறார். அப்பா, "உங்க அத்தைகிட்ட கேளு" என்று பேப்பருக்குள் போய்விட்டார். இது நியாயமே இல்லை. திட்டம் என்னுடையது.

எல்லாவற்றையும் எழுதுங்கள். எதையும் சுருக்க வேண்டாம்.

கேரட்டைப் பற்றி: மாமா மூன்று முறை போட்டுக்கொண்டார், ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. இதைவிடப் பெரிய பாராட்டு அவரிடமிருந்து வந்ததாகச் சரித்திரம் இல்லை.

உங்கள்
அகராதி


ஜனவரி 6

அகராதிக்கு,

சரி, கேட்டுக்கொள்.

மணி அடித்தேன். நீ திறப்பாய் என்று பெட்டியை நீட்டிக்கொண்டு நின்றேன். திறந்தது உன் அம்மா. பெட்டியை வாங்கவில்லை. முகம் வேர்த்திருந்தது. "உள்ள வாங்க அண்ணி, ஓவன் சூடா இருக்கு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. சமையலறைக்குள் போனேன். ஓவன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. கோழி அடுப்பின் மேல் துண்டு துண்டாகப் பொரிந்துகொண்டிருந்தது. "கோழியை நான் அடுப்புலயே பாத்துக்கறேன். ஓவன் முழுக்க உங்களுக்குத்தான். மேல் தட்டு, கீழ் தட்டு, எது வேணுமோ வெச்சுக்கோங்க" என்றாள். காலையிலிருந்து காலி ஓவனைச் சூடாக்கி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள், பைத்தியம்.

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கு உன் ஓவன் வேண்டாம்."

நான் சொல்ல நினைத்தது வேறு. வாயில் வந்தது அது. உன் அம்மாவின் முகம் சுருங்கியதை நீ பார்த்திருக்க வேண்டும். போய் ஓவனை அணைக்கக் கை வைத்தாள். நான் அவசரமாகப் பெட்டியைத் திறந்து பைகளை எடுத்து மேஜையில் போட்டேன். "ஐயோ, இதுக்கு வெந்நீர் போதும்டி. உனக்கு இடைஞ்சல் வேணாம்னுதான் ஒரு மாசமா பையும் பூட்டுமா மல்லுக்கட்டுறேன்" என்றேன். அவள் பைகளைப் பார்த்தாள். "என் பொண்ணோட மெஷினா?" என்றாள். "உன் பொண்ணோட வேலை" என்றேன்.

அப்புறம் இரண்டு பேரும் அந்தக் காலி ஓவனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் விட்டுக்கொடுத்து, நான் விட்டுக்கொடுத்து, கடைசியில் யாருக்கும் வேண்டாத ஓவன் தகதகவென்று சூடாக நிற்கிறது. உன் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. நான் இன்னும் கோட்டோடு நின்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது கூடத்தில் பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது. உன் அப்பன் எழுந்து வந்தான். என்னைப் பார்க்கவில்லை, ஓவனைப் பார்த்தான். "அக்கா, கோட்டைக் கழட்டிட்டு இரு" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, அலமாரியிலிருந்து சாப்பாட்டுத் தட்டுகளை எல்லாம் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அந்த ஓவனுக்குள் அடுக்கினான். "தட்டு சூடா இருக்கட்டும். அக்கா செஞ்சது ஒவ்வொரு வருஷமும் ஆறிப்போகுது" என்று உள்ளே பார்த்தே சொன்னான்.

நான் பொத்தான்களைக் கீழிருந்து மேலே கழற்றினேன். மெதுவாக இல்லை.

மெஷினை நீ திருப்பிக் கேட்காதே. அது இங்கேயே இருக்கட்டும், அடுத்த வருடமும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வருவது நான்தானே. கேரட்டில் போடும் இன்னொன்று ஆரஞ்சுத் தோல், மேல் தோல் மட்டும், வெள்ளை படக் கூடாது. உன் அம்மாவுக்கும் சொல்.

நீ உன் தட்டில் கேரட்டைத்தான் முதலில் போட்டுக்கொண்டாய், நான் பார்த்தேன். நான் கடைசியில் போட்டுக்கொண்டேன். எல்லோரும் எழுந்து போன பிறகும் தட்டு விரலைச் சுட்டது. கடைசித் துண்டு வரை ஆறவில்லை.

அத்தை